திரும்பி வந்த விண்ணப்பங்கள்: ஓர் அரசுச் சேவையைப் பழுதுபார்த்த குறிப்புகள்

பிறப்புச் சான்றிதழில் பிழை திருத்தும் பிரிவு ஒன்றைச் சீரமைத்துத் தரக் கூப்பிட்டார்கள். அவர்கள் கேட்டது ஓர் இணையதளம். "கூட்டம் தாங்கவில்லை, ஆன்லைனில் போட்டுவிட்டால் வரிசை குறைந்துவிடும்" என்பது மேலதிகாரியின் கணக்கு. சரி, இணையதளம் செய்யலாம். ஆனால் வரிசையில் நிற்பவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்பதை அங்கே யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. எத்தனை பேர் நின்றார்கள் என்பது மட்டும்தான் டோக்கன் எந்திரத்தில் இருந்தது. அதனால் மென்பொருள் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, கொஞ்ச காலம் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்கினேன். சேவை வடிவமைப்பு என்று பெரிய பெயர் வைத்திருந்தாலும் அதன் தொடக்கம் இவ்வளவுதான்.

என்ன செய்தோம், எது பலித்தது, எது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதை எழுதிவைக்கிறேன். வேறோர் அலுவலகத்தில் இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படலாம்.

கவுன்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி

நாற்காலியை எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். எழுத்தருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு முதுகு கூசும், மேலிடத்து ஆள் வேவு பார்க்கிறான் என்று நினைப்பார். பக்கவாட்டில், பேச்சு காதில் விழும் தூரத்தில், மனு கொடுப்பவரின் முகத்துக்கு எதிரே இல்லாமல் உட்கார வேண்டும். கையில் ஒரு தாள், அதில் இரண்டு பத்தி. இடப்பக்கம், புதிதாக ஒரு வேலைக்காக வந்தவர்கள். வலப்பக்கம், ஏற்கெனவே கொடுத்த மனு சம்பந்தமாக மறுபடி வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, அதன் பக்கத்தில் அவர் முதலில் சொன்ன வாக்கியம், அவர் வாயில் வந்தபடியே. பெயர், எண் எதுவும் குறிக்கக் கூடாது. யாருக்கும் பதில் சொல்லவும் கூடாது. கடைசி விதியைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் சில கேள்விகளுக்கு விடை நமக்கே தெரிந்திருக்கும்.

பிரிட்டிஷ் மேலாண்மை ஆலோசகர் ஜான் செட்டன் இந்த இரண்டாவது கூட்டத்தை ஃபெயிலியர் டிமாண்ட் என்கிறார். ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதாலோ, சரியாகச் செய்யாததாலோ அலுவலகம் தானே உண்டாக்கிக்கொள்ளும் வரத்து அது. எங்கள் தாளில் வலப்பக்கம்தான் முதலில் நிரம்பியது. அந்தப் பக்கத்தில் இருந்த வாக்கியங்களும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருந்தன. "என் மனு என்னாச்சு?" "லெட்டர் வந்துச்சு, என்ன கேக்கறாங்கன்னு புரியல." "அன்னைக்கு இருந்த மேடம் இதைக் கேக்கலையே, இப்ப நீங்க கேக்கறீங்க." இணையதளம் போட்டிருந்தால் இதே மூன்று வாக்கியங்களும் தொலைபேசிக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

நேரில் கேட்ட ஓர் உரையாடலை அப்படியே தருகிறேன், பிறகு நடந்த பாதி வேலை இதிலிருந்துதான் வந்தது.

"அம்மா, இது பத்தாது. இன்னொரு ஆதாரம் கொண்டுவாங்க."

"என்ன ஆதாரம் சார்?"

"பேர் சரியா இருக்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு."

"பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் ஆகுமா?"

"கொண்டுவாங்க, பாக்கலாம்."

அந்த 'பாக்கலாம்' என்ற சொல்லில் ஒரு நாள் வேலை போகிறது, பேருந்துக் காசு போகிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டியிருக்கிறது. எழுத்தர் கடுகடுப்பானவர் என்று சொல்ல முடியாது. பள்ளிச் சான்றிதழ் ஆகுமா என்பது அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. உள்மேசையில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார், அந்த மேசையோ மூன்றாவது மாடியில்.

நிர்வாகச் சுமையை ஆராய்ந்த பமீலா ஹெர்டும் டொனால்ட் மொய்னிஹனும் அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கான செலவு, அதைச் செய்து முடிப்பதற்கான செலவு, இடையில் படும் மன உளைச்சல். அலுவலகங்கள் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் குறைக்கப் பார்க்கின்றன. கட்டணத்தைக் குறைப்பார்கள், கவுன்டரைக் கூட்டுவார்கள். எங்கள் வலப்பக்கப் பத்தியில் நிறைந்து கிடந்தது முதலாவதும் மூன்றாவதும்.

இன்னொன்று. வாசலில் நின்ற காவலாளிக்கு உள்ளே இருந்த பலரைவிட நடைமுறை நன்றாகத் தெரிந்திருந்தது. யார் எந்தக் காகிதத்தோடு உள்ளே போய் எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டவர். "அதோட அசல் இருக்கா? இல்லேன்னா உள்ள போகாதீங்க" என்று பலரைத் திருப்பியும் அனுப்பிக்கொண்டிருந்தார். உண்மையான தகவல் மையம் அவர்தான், அமைப்பு வரைபடத்தில் அவர் பெயர் இல்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரை முதலில் தேடிப் பிடியுங்கள்.

ஒரு கோப்பின் பின்னாலேயே போவது

அடுத்து, முடிந்துபோன சில கோப்புகளை எடுத்து அவற்றின் தேதி முத்திரைகளை மட்டும் வரிசைப்படுத்தினோம். அப்புறம் புதிதாக வந்த ஒரு மனுவுக்குப் பின்னாலேயே மேசை மேசையாகப் போனோம்.

இதற்கான கருவி பழையது. வங்கித் துறையிலிருந்த லின் ஷோஸ்டாக் 1984இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை சேவை வரைபடம் என்ற உத்தியைப் பரவலாக்கியது. தெருமுனையில் காலணிக்குப் பாலிஷ் போடும் வேலையை எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது எது, தெரியாதது எது என்று நடுவே ஒரு கோடு போட்டார். தவறான நிறத்து மெழுகைப் பூசிவிடும் இடத்தைக்கூடப் பழுது நேரக்கூடிய புள்ளியாகக் குறித்தார். நாங்கள் செய்ததும் அதுவே. சுவர் நீளத்துக்குப் பழுப்புத் தாள் ஒட்டினோம். மேல் வரியில் மனுதாரர் செய்வது, அடுத்ததில் கவுன்டர் செய்வது, பிறகு அந்தக் கோடு, அதற்குக் கீழே உள்மேசைகள், கடைசி வரியில் பதிவேடுகளும் கணினியும். எல்லாவற்றுக்கும் அடியில் காத்திருந்த நேரம் என்று ஒரு தனி வரி. இந்தக் கடைசி வரியைப் பலர் போடுவதில்லை. போடாவிட்டால் வரைபடம் அழகாக இருக்கும், பயன் இருக்காது.

மனு கவுன்டரில் வாங்கப்படுகிறது, எண் போடப்படுகிறது, கூடையில் விழுகிறது. கூடை நிறைந்த பிறகே கட்டாகக் கட்டி மேலே போகிறது. மேலே ஒருவர் அசல் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பதிவேடு ஆவண அறையில், அறைச் சாவி ஒருவரிடம், அவருக்கு வேறு பணிகளும் உண்டு. ஆகவே வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் பதிவேடுகள் கீழே வரும். அந்த நாளைத் தவறவிட்ட கோப்பு அடுத்த வாரம்வரை படுத்திருக்கும். பிறகு கண்காணிப்பாளர் கையெழுத்து, அதற்குப் பிறகு அதிகாரி கையெழுத்து. ஒரு மனுவின் மீது மனிதக் கை உண்மையில் வேலை செய்த நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறவில்லை. மீதி வாரங்கள் முழுக்கக் காத்திருப்பு.

சுவருக்கு முன்னால் ஊழியர்களை நிறுத்தியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு மேசைக்காரர்கள் ஒரே விவரங்களைத் தனித்தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கு வேணும்னுதானே நான் எழுதறேன்" என்றார் ஒருவர். "எனக்கா? நான் அதைத் திறந்தே பாத்ததில்லை" என்றார் மற்றவர். அன்றே ஒரு பதிவேடு மூடப்பட்டது. வெளியிலிருந்து வந்த நான் இதையே பரிந்துரையாக எழுதிக் கொடுத்திருந்தால் அது இன்னொரு கோப்பாகியிருக்கும்.

காத்திருப்பைக் கணக்குப் போட ஒரு சின்னச் சூத்திரம் போதும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தது. ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தையும் உள்ளே தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. திருப்பிப் போட்டால், ஒரு மேசையில் 600 கோப்புகள் நிற்கின்றன, வரத்தும் முடிவதும் நாளொன்றுக்கு 20 என்றால், இன்று வரும் மனு சராசரியாக 30 வேலை நாள் எடுக்கும். இந்த எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும் மேலதிகாரிக்கு ஒன்று விளங்கியது. ஒப்புகைச் சீட்டில் அச்சிட்டிருந்த '7 நாட்களுக்குள்' என்ற வாசகமே பலரை எட்டாம் நாள் வரிசையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. உண்மையான தேதியைச் சொன்னால் திட்டுவார்கள் என்று பயந்தார்கள். திட்டினார்கள்தான், ஆனால் எட்டாம் நாள் வரவில்லை.

ஆவண அறை விஷயத்துக்குக் கணினியே வேண்டியிருக்கவில்லை. தேவைப்படும் பதிவேட்டு எண்களைத் தினமும் காலையில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது, சாவியின் இரண்டாவது பிரதியைக் கண்காணிப்பாளரிடம் வைப்பது, கூடை நிறையும்வரை காத்திருக்காமல் மதியமும் மாலையும் கட்டை அனுப்புவது. மூன்றும் ஓர் அலுவலக உத்தரவில் முடிந்தன.

எந்தக் காகிதத்தை யார் கேட்டது?

இந்தப் பணியில் அதிகப் பலன் தந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மனுவோடு கேட்கப்படும் எல்லா ஆவணங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நிறம் பூசினோம். சட்டத்தில் இருக்கிறதா, விதியில் இருக்கிறதா, எப்போதோ வந்த சுற்றறிக்கையில் இருக்கிறதா, அல்லது எங்குமே இல்லாமல் பழக்கத்தால் கேட்கப்படுகிறதா. நிறம் பூசுவதற்கு முன் மூல வாசகத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. 'அப்படித்தான் சார் இருக்கு' என்பதை ஏற்றுக்கொள்ளவில்லை.

பழக்க நிறம் எதிர்பார்த்ததைவிட நிறைய வந்தது. இங்கே அவசரப்பட்டு 'தேவையில்லாத காகிதங்களை ஒழிப்போம்' என்று கிளம்பினால் கதவு சாத்தப்படும். பழக்கமும் வானத்திலிருந்து விழுந்திருக்காது. மூத்த எழுத்தர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். முன்பு ஒருமுறை தணிக்கையில் ஆட்சேபம் வந்ததாம், கையெழுத்திட்டவரிடம் விளக்கம் கேட்டார்களாம். அன்றிலிருந்து எல்லாரிடமும் உறுதிமொழிப் பத்திரம் கேட்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: கொடுக்கக் கூடாததைக் கொடுத்துவிட்டால் அவருக்கு மெமோ வரும். கொடுக்க வேண்டியதை மறுத்துத் திருப்பி அனுப்பினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்த நிலையில் நானாக இருந்தாலும் இன்னொரு காகிதம் கேட்பேன். ஊழியர்களுக்கு மனப்பான்மைப் பயிற்சி, புன்னகைப் பயிற்சி எல்லாம் நடத்துகிறார்கள். அபாயம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும்வரை புன்னகையோடு திருப்பி அனுப்புவார்கள்.

எனவே எங்கள் வேலை அபாயத்தைப் பிரிப்பதாக மாறியது. திருத்தம் கேட்டு வந்த மனுக்களை வகைப்படுத்தியபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. கணிசமான மனுக்களில் அசல் பதிவேட்டில் எழுத்து சரியாகவே இருந்தது. சான்றிதழைத் தட்டச்சு செய்தபோதுதான் பிழை நுழைந்திருக்கிறது. அதாவது அலுவலகத்தின் பிழை. அதற்கு மனுதாரரிடம் ஆதாரம் கேட்பது எந்த ஊர் நியாயம்? அவற்றைத் தனிப் பாதையாக்கினோம். பதிவேட்டைப் பார், ஒத்துப்போகிறதா பார், அப்போதே மறுபடி அச்சிட்டுக் கொடு. படிவம் கிடையாது, கட்டணம் கிடையாது.

பதிவேட்டிலேயே ஓரிரு எழுத்துத் தவறியிருந்தால் ஒரே ஓர் ஆதாரம், அது எவையெவையாக இருக்கலாம் என்ற பட்டியலோடு. பிறந்த தேதியையோ பெற்றோர் பெயரையோ அடியோடு மாற்றச் சொல்லும் மனுக்களுக்குப் பழைய முழு விசாரணை அப்படியே. அந்தக் கடைசி வகையை நாங்கள் தொடவில்லை, தொட விரும்பவும் இல்லை. வாரிசுரிமை, ஓய்வூதியம், வயது வரம்பு எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்குகின்றன. சேவையை எளிதாக்குகிறேன் என்று சொல்லி அதையும் தளர்த்துகிறவர்களை நம்ப வேண்டாம்.

மூத்த எழுத்தர் கடைசியாக ஒன்று கேட்டார். "சரி, தப்பு வந்தா யார் தலையில விழும்?" நியாயமான கேள்வி. எந்த வகை மனுவுக்கு எந்த ஆவணம் போதும் என்று அதிகாரியே கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் தயாரானது. தணிக்கையில் கேட்டால் எடுத்துக் காட்ட அது. ஒவ்வொரு கோப்பிலும் அதன் நகல் சேர்க்கப்படுகிறது. பிரிவில் நாங்கள் செய்த எல்லாவற்றிலும் ஊழியர்களுக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு தாள்தான்.

படிவம்

படிவத்தைக் கையிலெடுக்கும்போது எல்லாரும் எழுத்துருவையும் நிறத்தையும் பற்றிப் பேசுவார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது கேள்விக் கணக்கெடுப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, இந்தப் பதிலை யார் படிக்கிறார், படித்து என்ன முடிவெடுக்கிறார், இது காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லாத கேள்விகள் வெளியே போகும். அலுவலகத்திடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தைக் கேட்கும் கேள்விகளும் அப்படித்தான். சான்றிதழ் எண்ணை எழுதச் சொன்ன பிறகு அதிலுள்ள அத்தனை விவரங்களையும் மறுபடி எழுதச் சொல்வானேன்?

பிறகு மனிதர்களை உட்காரவைத்து நிரப்பச் சொல்லிப் பார்த்தோம். நிரப்பும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் போதும், நிறையத் தெரிந்துவிடும். பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன், ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும், திருத்திவிட்டு அடுத்த சுற்றுப் போகலாம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். ஆனால் அந்தச் சிலர் யார் என்பதில்தான் சூட்சுமம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர், கண்ணாடி மறந்து வந்தவர், அம்மாவுக்காக நிரப்பும் மகள். இவர்கள் இல்லாத சோதனை, படித்தவர்கள் படித்தவர்களுக்குச் செய்துகொள்ளும் சோதனை.

பழைய படிவத்தில் 'திருத்தத்தின் தன்மை' என்று ஒரு கட்டம். அதில் ஒருவர் 'அவசரம்' என்று எழுதினார். இன்னொருவர் 'மிகவும் பணிவுடன்' என்று எழுதினார். சிரிப்பு வந்தாலும் இரண்டு பேர் எழுதியதும் சரியான தமிழ்தான், கேள்விதான் கோணல். அதை எடுத்துவிட்டு இரண்டு வரி வைத்தோம்: 'சான்றிதழில் இப்போது எப்படி இருக்கிறது?' 'எப்படி இருக்க வேண்டும்?' ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம். எழுத்துப் பிழையைத் திருத்த வந்த படிவத்திலேயே கையெழுத்துப் புரியாமல் புதுப் பிழை உண்டாவது இதனால் குறைந்தது.

குறைபாட்டுக் கடிதம்

வலப்பக்கப் பத்தியில் 'லெட்டர் புரியல' என்று வந்தவர்கள் கையில் வைத்திருந்த கடிதம் இது:

"பார்வையில் காணும் தங்களது மனு பரிசீலிக்கப்பட்டதில், உரிய ஆவணங்கள் இணைக்கப்பெறாததால் மனு மீது மேல்நடவடிக்கை தொடர இயலாத நிலை உள்ளது என்றும், குறைபாடுகளை நிவர்த்தி செய்து மீளச் சமர்ப்பிக்கும்பட்சத்தில் பரிசீலிக்கப்படும் என்றும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. தகவலும் ஒன்றும் இல்லை. எந்த ஆவணம் என்பதை மட்டும் கவனமாகத் தவிர்த்திருக்கிறது. மாற்றி எழுதியது:

"உங்கள் விண்ணப்பத்தில் ஓர் ஆவணம் மட்டும் குறைகிறது. குழந்தையின் பெயர் சரியாக உள்ள ஏதாவது ஒன்றின் நகலைக் கொடுங்கள்: பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை அல்லது மருத்துவமனை விடுவிப்புச் சீட்டு. இவற்றில் ஒன்று போதும். இந்தக் கடிதத்துடன் 2ஆம் கவுன்டருக்கு வாருங்கள், டோக்கன் எடுக்க வேண்டாம். தபாலிலும் அனுப்பலாம். உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை, புதிதாக விண்ணப்பிக்கத் தேவையில்லை."

கடைசி வாக்கியம் சோதனையில் முளைத்தது. கடிதம் வந்தாலே 'ரிஜெக்ட் ஆயிடுச்சு' என்று நினைத்துப் பலர் முதலிலிருந்து புது மனு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு ஓடுவதன் காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

கடிதத்தைச் சோதிக்கும்போது 'புரிகிறதா?' என்று கேட்கவே கூடாது. எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள், புரியவில்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும். 'இதைப் படித்துவிட்டு நாளைக்கு என்ன செய்வீர்கள்?' என்று கேட்க வேண்டும். பதிலில் குழப்பம் இருந்தால் கடிதத்தில் குழப்பம். சட்டப் பிரிவிலிருந்து விதி எண் கட்டாயம் வேண்டும் என்றார்கள். தாராளமாகப் போடலாம் என்று அடியில் தனி வரியாகப் போட்டோம்.

குறுஞ்செய்தியும் இதே முறையில்தான். மனு பெறப்பட்டது, உள்மேசைக்குப் போனது, சான்றிதழ் தயார் என மூன்று செய்திகள். சொன்ன தேதி தவறும் என்று தெரிந்தால் மனுதாரர் கேட்பதற்கு முன் அலுவலகமே புதுத் தேதியை அனுப்ப வேண்டும். இந்த நான்காவது செய்தியைச் சேர்க்கத்தான் பெரிய வாக்குவாதம். நாமே போய்த் தாமதத்தை ஒப்புக்கொள்வதா என்றார்கள். 'என்னாச்சு' என்று கேட்க வருகிறவர்கள் எத்தனை பேர் என்று தாளைக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள்.

முன்பார்வை மேசை

வரிசை தொடங்குமிடத்தில் ஒரு மேசை, ஒரு எழுத்தர். மனுவைப் புரட்டிப் பார்த்து எது குறைகிறது என்று அப்போதே சொல்வது அவர் வேலை. கேட்க எளிது. ஆனால் வெறும் மேசையாகப் போட்டால் அது இரண்டாவது வாசலாகிவிடும். மேசையில் சரி என்பார்கள், மேலே போனதும் இன்னொன்று கேட்பார்கள்.

அதனால் மேசையில் உட்காருபவருக்கு ஓர் அதிகாரம் கொடுத்தோம். கையெழுத்தான அந்த ஒரு பக்கத் தாளின்படி பார்த்து, ஆவணங்கள் முழுமை என்று முத்திரையிட்டுச் சுருக்கொப்பம் போடுவார். அதன் பிறகு உள்மேசை கூடுதல் ஆவணம் கேட்க வேண்டுமானால் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். மனுதாரரைத் திருப்பி அனுப்புவது இதுவரை பைசா செலவில்லாத வேலையாக இருந்தது. இப்போது அதற்கும் ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. உள்மேசையிலிருந்து வரும் கூடுதல் கேள்விகள் சட்டென்று குறைந்தன.

முதலில் ஒரு கவுன்டரில் மட்டும், மேசை விரிப்பும் கையால் எழுதிய பலகையுமாக நடத்தினோம். நடத்தும்போதே பலகை வாசகம் பலமுறை மாறியது. காவலாளியையும் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொன்னேன், யாரை முதலில் அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். எல்லா எழுத்தர்களும் முறைவைத்து அங்கே உட்கார வேண்டும் என்றும் வைத்தோம். உள்மேசையில் இருந்தவர் ஒரு நாள் முன்மேசையில் உட்கார்ந்தால் 'பாக்கலாம்' என்ற சொல்லை மறுபடி அவ்வளவு சுலபமாகச் சொல்வதில்லை.

அப்புறம் மென்பொருள்

இதெல்லாம் ஓரளவு நிலைத்த பிறகே இணையதளத்தின் பக்கம் போனோம். முதலிலேயே போயிருந்தால் பழைய படிவத்தையும் பழைய கடிதத்தையும் அப்படியே திரையில் ஏற்றியிருப்போம். உலகில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு, மருத்துவக் காப்பீட்டில் சேர்வதற்காக அமெரிக்க அரசு திறந்த ஹெல்த்கேர்.கவ் என்ற இணையதளம். 2013 அக்டோபர் 1இல் தொடங்கியபோது, முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர் என்று பிறகு வெளியான உள் கூட்டக் குறிப்புகள் காட்டின. மறுமுனையில் எஸ்டோனியா இருக்கிறது. 2001இலிருந்து இயங்கும் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்றத் தளம் அரசின் பதிவேடுகளை ஒன்றோடொன்று பேசவைக்கிறது. அரசுக்கு ஒருமுறை கொடுத்த விவரத்தை மறுபடி கேட்பதில்லை என்ற கொள்கை அதன் மேல்தான் நிற்கிறது. அது ஒரே இரவில் வாங்கிப் பொருத்தியது இல்லை என்பதை மட்டும் ஒப்பந்தக்காரர்களுடன் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அளவீடு பற்றி ஒரு வார்த்தை. 2011இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் அரசு டிஜிட்டல் சேவை நிறுவனம் நான்கு அளவுகளை வைத்தது: ஒரு பரிவர்த்தனைக்கான செலவு, பயனர் திருப்தி, முடித்தவர்களின் விகிதம், இணையவழி எடுத்துக்கொண்டவர்களின் விகிதம். நாங்கள் மூன்றாவதை எடுத்துக்கொண்டு, அதோடு ஒரே வருகையில் முடிந்தவை என்று ஒன்றைச் சேர்த்தோம். திருப்தி மதிப்பெண் எனக்கு ஒவ்வாது. கவுன்டரில் கேட்டால் திருப்பி அனுப்பப்பட்டவர்கூட 'பரவாயில்லைங்க' என்பார். நடையாய் நடந்து அலுத்து விட்டுவிட்டவரோ கேட்பதற்கு அங்கே இருக்க மாட்டார்.

பிழை எங்கே பிறக்கிறது?

சுவரில் ஒட்டிய தாளுக்கு இடப்பக்கம் இன்னும் இடம் இருந்தது. மனுதாரர் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அங்கே வரையத் தொடங்கினோம். பதிவேட்டில் பிழை இருந்த மனுக்களின் தொடக்கம் மருத்துவமனையில். பிரசவப் பிரிவில் ஓர் ஊழியர் படுக்கைக்குப் படுக்கை போய், வாயால் கேட்டுக் காதில் விழுந்தபடி அறிக்கையில் எழுதுகிறார். அங்கிருந்து கணினியில் ஏறுகிறது. பெற்றோர் அந்த எழுத்தை முதன்முதலில் கண்ணால் பார்ப்பது சான்றிதழ் கைக்கு வரும்போதுதான். அதற்குள் பதிவு முடிந்து, திருத்தம் என்பது ஒரு மனுவாகியிருக்கும்.

ஆகவே இப்போது நடக்கும் முயற்சி ஒரு சரிபார்ப்புத் தாள். பதிவேற்றும் முன் விவரங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பெற்றோரில் ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஊழியர் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்ட வேண்டும். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெறுமனே விடலாம், பிறகு சேர்க்க வழி உண்டு என்று தாளிலேயே எழுதியிருக்கிறது. இந்த வாசகத்தைச் சேர்த்த பிறகு, அவசரத்தில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் பின்னால் மாற்ற வருவது குறையும் என்று எதிர்பார்க்கிறோம்.

சிக்கல், அது வேறு துறை. பிரசவப் பிரிவில் அச்சு எந்திரம் இல்லை. இருக்கும் ஒன்று கணக்குப் பிரிவில், மாலையில் பூட்டிவிடுவார்கள், குழந்தைகள் அந்த நேரம் பார்த்துப் பிறப்பதில்லை. திருத்தப் பிரிவின் செலவில் எந்திரம் வாங்கி மருத்துவமனையில் வைக்கலாமா என்று எழுதியிருக்கிறோம். இரண்டு துறைகளின் நிதிப் பிரிவுகளும் அதன் பராமரிப்பு யார் தலைப்பில் வரும் என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. அதுவரை ஒரு வார்டில் மட்டும், கையால் பெரிய கட்டங்களில் எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.